வளை

கடலைவிடத் தாழ்ந்த நிலத்தில்
எலி பிடிப்பது என் வேலை.
நீர்வாரியம் சம்பளம் தருகிறது.
மலையைக் கெல்லி எலி பிடிக்க
சேலாந்தில் மலை கிடையாது.
கரையைத்தான் கெல்ல வேண்டும்,
அதுவும் பார்த்து.

கஸ்தூரி எலி தன் வாசலைத்
தண்ணீருக்கு அடியில் வைக்கும்.
மேலே புல், மேயும் ஆடுகள்,
ஞாயிறு காலையில் கறுப்புத் தொப்பிகளோடு
வரிசையாய் நடக்கும் எங்கள் சபை.
உள்ளே ஒரு முழம், இரண்டு முழம்.
உடைந்த கரைகளுக்கு நினைவுக்கல் உண்டு.
உடையாத கரையின் பெயர்
வாரியத்தின் கோப்பில் ஓர் எண்.

போதகர் வெர்ஹாகே ஒருநாள் சொன்னார்:
கர்த்தர் தம் கையை ஒரு நிமிடம் எடுத்தால்
இந்தப் பெஞ்சுகளில் இருக்கிற நாமே
ஒருவரை ஒருவர் கடித்துத் தின்போம்.
அவிசுவாசியின் வீட்டில் அடுப்பு எரிவதும்
திருடன் தன் பிள்ளைக்குப் போர்த்திவிடுவதும்
அந்தக் கை இன்னும் இருப்பதால்தான்.
வாய்களுக்குள் பெப்பர்மின்ட் புரளும் சத்தம்.
யாரும் பக்கத்தில் பார்க்கவில்லை.

நான் முன்னால் பார்த்தேன்.
மூன்று வரிசை தள்ளி
லேன் மின்னார்ட்டின் சிவந்த பிடரி.

யாகோமினா சைக்கிளில் வந்த சாயங்காலம்
அவன் வயிற்றில் ஆறு பியர்.
பதினான்கு மாதம் உள்ளே இருந்தான்.
பிறகு அதே பெஞ்சு, அதே பாட்டுப்புத்தகம்.
என் மகளுக்குப் பத்தொன்பது வயது.
இருக்கிறது, இப்போதும் பத்தொன்பதுதான்.

கேட்டேன். சபையில் அல்ல, படகில் தனியாக.
அன்றைக்கு அந்தக் கை எங்கே போயிற்று?
நாணலிலிருந்து ஒரு நாரை எழுந்து பறந்தது.
நாரை எப்போதும்தான் பறக்கிறது.
அதை நான் பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை.

நவம்பரில், மழை நின்ற ஓர் இரவு,
மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.
எதற்கென்று எனக்குத் தெரியும்.
கூர் தீட்டியிருந்தேன்.
வாய்க்கால் விளிம்புவரை தண்ணீர்.
எங்கள் பக்கம் ஜன்னலுக்குத் திரை போடுவதில்லை,
மறைக்க ஒன்றுமில்லை என்று காட்ட.
கரைமேல் நின்றால் தெரிந்தான்:
மேசை, விளக்கு, உருளைக்கிழங்கு உரிக்கிறான்.
முதுகு என் பக்கம்.

இறங்க ஓர் எட்டு வைத்தேன்.
கரை என்னைத் தொடைவரை விழுங்கியது.

வளை.
பெரிய வளை. அடியில் தண்ணீர் ஓடும் ஓசை.
முப்பது வருடப் பழக்கம் மனதைக் கேட்காது.
கை தானாகக் கம்பி விட்டு ஆழம் பார்த்தது,
வாய் தானாக வாரியத்துக்கு போன் பண்ணியது.
லாரி வர மூன்று மணி நேரம் என்றார்கள்.
அதுவரை களிமண் அப்ப வேண்டும்.
அப்பினேன், அந்த மண்வெட்டியால்.

டார்ச் வெளிச்சம் பார்த்து அவன் வெளியே வந்தான்.
யாரது?
கிரெய்ன், என்றேன். எலி.
இந்நேரத்திலா என்று கேட்கவில்லை.
மண்வெட்டியின் விளிம்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
உள்ளே போனான். தன்னுடையதோடு வந்தான்.
இரண்டு மணிவரை பேசாமல் அள்ளினோம்.

நான் அவனை மன்னிக்கவில்லை.
இதை முடிச்சுப் போட்டு முடிக்க
யாரும் அவசரப்பட வேண்டாம்.

என் காலுக்கு ஓர் எலியை
ஒரு மாதம் முன்பே ஏவத் தெரிந்தவருக்கு
அவன் டயருக்கு ஓர் ஆணி கிடைக்கவில்லையா?
மற்ற இரவுகளில், வேறு கரைகளில்,
என் யாகோமினாவை எத்தனை முறை
எதிலிருந்து தடுத்து வைத்திருந்தீர்
என்றும் எனக்குத் தெரியாது.
தெரிந்தால் இது லேசாகுமா,
அதுவும் தெரியாது.

படிவத்தில் எழுதினேன்:
வளை ஒன்று. நீளம் நான்கு மீட்டர்.
சேதம் இல்லை.

இரண்டு நாள் கழித்து அந்த எலி
கூண்டில் விழுந்தது. பெட்டை. ஈர மீசை.
அதைக் கொல்லத்தான் சம்பளம்.
கொன்றேன்.
வழக்கத்தைவிடச் சற்று நேரமாயிற்று.